யந்திரம் பிசகினால் ஆள் மீது பழியா?

பண்டார் தெங்காராவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இன்று செம்பனைதான். தென்கிழக்கு ஜொகூரைச் சீர்படுத்துவதற்கென 1972-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கெஜோரா வாரியத்தின் திட்டத்தில் எழுந்த பட்டணம் இது. நம் பெற்றோர் கித்தாக் காட்டில் பால்வாளி தூக்கினார்கள். நம்மில் பலர் இன்று செம்பனை ஆலையில் பித்தானைத் தட்டிக்கொண்டும் திரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். ஆகவே, கித்தாத் தொழிலாளர் பத்திரிகையில் பாய்லரைப் பற்றி எழுதுகிறானே என்று யாரும் வியப்படைய வேண்டியதில்லை. வேலை மாறியிருக்கிறது; வேலை செய்கிறவன் நம் ஆள்தான்.

இவ்வட்டாரத்து ஆலையொன்றில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லுகிறேன். எந்த ஆலை, எந்த நிர்வாகம் என்பதை எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட தோழர் இன்னும் அங்கேதான் பிழைக்கிறார்.

முன்பு அந்த ஆலையில் இரவு வேலைக்குப் பாய்லரில் இரண்டு பேர். ஒருவர் அடுப்பைப் பார்ப்பார்; நாரும் ஓடும் சரியாக விழுகிறதா, தீ ஒழுங்காக எரிகிறதா என்பது அவர் பொறுப்பு. மற்றவர் தண்ணீரைப் பார்ப்பார். கண்ணாடிக் குழாயில் மட்டம் எங்கே நிற்கிறது என்பதிலேயே அவர் கண் இருக்கும். பிறகு புதிய ஏற்பாடு வந்தது. தண்ணீரைத் தானே ஊட்டும் கருவி, அழுத்தத்தைத் தானே அளக்கும் கருவி, எல்லாவற்றையும் ஓர் அறையில் இருந்தபடியே காட்டும் திரை. "இனி ஓர் ஆள் போதும்" என்றார்கள். அந்த ஓர் ஆளிடமே பழம் வேகவைக்கும் கொப்பரைகளின் கதவுகளையும் பார்த்துக்கொள்ளும்படி சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் புதிய வேலைப் பட்டியலை ஆபீசில் தட்டெழுதியவன் நானேதான். இரண்டு ஆட்களின் வேலை ஒரே தாளில் அடங்கிவிட்டதே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஓர் இரவு, மணி மூன்று இருக்கும். தண்ணீர் ஊட்டும் வால்வு பாதியில் சிக்கிக்கொண்டது. திரையிலோ அது "திறந்திருக்கிறது" என்றே காட்டிற்று. திரை காட்டியது, "திற" என்று அனுப்பிய கட்டளையை. வால்வு உண்மையில் இருந்த நிலையை அன்று. மட்டம் இறங்கியது, மணி அடித்தது. தோழர் அப்போது அறையில் இல்லை; கொப்பரைக் கதவு ஒன்றில் நீராவி கசிகிறது என்று அங்கே போயிருந்தார். மட்டம் மேலும் இறங்கியதும் காப்புக் கருவி தானே வேலை செய்து, காற்றாடியையும் எரிபொருளையும் நிறுத்திவிட்டது. கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஆலை நின்றது. செம்பனைப் பழம் காத்திருக்கும் பண்டமல்ல. குலை வெட்டி நேரமாக ஆக எண்ணெயில் புளிப்பு ஏறும், விலை இறங்கும். வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. நஷ்டம் வந்ததும் யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. மறுநாள் தோழருக்குக் கடிதம் வந்தது: "கவனக்குறைவு, வேலை இடத்தை விட்டு அகன்றது."

உள்விசாரணைக்கு முன்னால் நான் அவரைப் பார்க்கப் போனேன். "என்ன அண்ணே, மணி அடித்தது கேட்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"கேட்காமல் என்ன கிராணியாரே! அது நாள் பூராவும் அடிக்கிறது. கெட்டுப்போன கருவி ஒன்று சும்மாவே அடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எந்த மணி நிஜம், எந்த மணி பொய் என்று அந்த மணிக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

அந்த ஓர் இரவின் மணிக் கணக்கை அச்செடுத்தால் பதினொரு தாள் வந்தது. பெரும்பாலும் ஒரே பொய் மணி. விசாரணையில் கிளைச் செயலாளர் அந்தப் பதினொரு தாளையும், நான் தட்டெழுதிய வேலைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திரையை விட்டு நகரக்கூடாது என்கிறீர்கள், கொப்பரைக் கதவையும் பார்க்க வேண்டும் என்று இந்தத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். இந்த மனிதர் எந்தக் காலை எங்கே வைப்பது?" பதில் வரவில்லை. வேலை தப்பியது. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை நிறுத்தி வைத்த இரண்டு வாரத்து அரைச் சம்பளமும் போனது போனதுதான். அதே வாரத்தில் வால்வையும் கெட்ட கருவியையும் சத்தம் காட்டாமல் மாற்றினார்கள். வால்வுக்கு எச்சரிக்கைக் கடிதம் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற அநியாயமல்ல. யந்திரம் பாதி, மனிதன் பாதி என்று வேலை பங்கிடப்பட்ட இடங்களிலெல்லாம் இதே கதை நடந்திருக்கிறது.

நம் தலைநகரிலேயே நடந்ததைப் பாருங்கள். கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ரயில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமலே கணினியால் ஓடுகிறது. 24-5-2021 அன்று இரவு, கே.எல்.சி.சி.க்கும் கம்போங் பாருவுக்கும் இடையிலுள்ள சுரங்கப் பாதையில், பயணிகளோடு வந்த ஒரு ரயிலும் ஆளில்லாத காலி ரயில் ஒன்றும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. 213 பேருக்குக் காயம். அவர்களில் 47 பேருக்குக் கடுமையான காயம். காலி ரயிலின் கணினி கோளாறு செய்ததால் அதை ஒரு மனிதர் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஓட்டிவிட்டார், அது கவனக்குறைவு என்று போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். பிசகு நடந்தது உண்மை. ஆனால் ஒரு தொழிலாளி என்ற முறையில் எனக்கு எழுகிற கேள்வி இது: தானே ஓடுகிற ரயிலில், கையால் ஓட்ட ஒரு மனிதனுக்கு எப்போதாவதுதான் வாய்ப்பு வரும். அதுவும் கணினி கெட்டுப்போன சமயத்தில்தான் வரும். எல்லாம் சரியாக இருக்கும்போது அவனுக்கு வேலை இல்லை. எல்லாம் கெட்டுப்போன பிறகு அவனைக் கூப்பிட்டு, "ஒரு பிசகும் செய்யாதே" என்கிறோம். இது எந்த வகையில் நியாயம்?

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய மனோதத்துவ அறிஞர் 1983-ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துச் சொல்லிவிட்டார். யந்திரம் அமைப்பவர்கள், மனிதன் தவறு செய்கிறவன் என்று நினைத்து அவன் வேலையைப் பிடுங்கி யந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் யந்திரத்தால் செய்ய முடியாத கடினமான மிச்சத்தை அதே மனிதன் தலையில் விட்டுவிடுகிறார்கள். நாள்தோறும் செய்து பழக வழியில்லாமல் போவதால், அந்த மிச்சத்தைச் செய்யும் திறமையும் அவனிடமிருந்து மெல்ல மெல்லப் போய்விடுகிறது. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. பால் வெட்டும் கையைக் கேளுங்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்மரத்தில் காயம் படக்கூடாது. அதற்காகப் பால் வராமலும் போகக்கூடாது. அந்த நிதானம் கையில் இருக்கிறது. ஒரு வருஷம் கத்தி பிடிக்காதவரை விடியற்காலை இருட்டில் திடீரென்று மரத்தடியில் நிறுத்தி, "காயம் படாமல் வெட்டு" என்றால் என்ன ஆகும்? மரமும் கெடும், மனிதர் பெயரும் கெடும்.

அதற்கும் வெகு முன்னரே, 1948-ஆம் ஆண்டில், மாக்வொர்த் என்ற அறிஞர் இன்னொரு சோதனையை வெளியிட்டார். ராடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் விமானப் படையினர் ஏன் எதிரியின் அடையாளத்தைத் தவறவிடுகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். ஒரு முள் மெதுவாகச் சுற்றும். எப்போதாவது ஒரு தடவை இரண்டு தாவலாகத் தாவும். அதைக் கண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே, தாவலைக் கண்டுபிடிப்பது குறைந்துவிட்டது. அவர்கள் சோம்பேறிகளல்லர், யுத்தத்துக்குத் தயாரான வாலிபர்கள். ஒன்றும் நடக்காத திரையை மணிக்கணக்கில் பார்ப்பது மனிதக் கண்ணுக்கு ஆகாத காரியம் என்பதே அதன் பாடம். அரை மணியில் தளர்கிற கண்ணை நாம் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

வால்வின் கதையும் புதியதல்ல. 28-3-1979 அன்று அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. விளக்கோ, மூடச் சொல்லிக் கட்டளை போய்விட்டதை மட்டும் காட்டியது. வால்வு மூடிவிட்டது என்றே வேலையாட்கள் நம்பினார்கள். சில நிமிஷங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் ஒரே சமயத்தில் அலறின. அந்த அலறலில் எதைக் கேட்பது, எதை விடுவது? பெரிய நாடொன்றில் பொறியாளர்கள் கட்டிய நிலையத்தில் நடந்ததும், நம் வட்டாரத்துப் பாய்லர் அறையில் நடந்ததும் ஒன்றேதான்.

எதிர்த் தரப்பு சொல்வதையும் நேர்மையோடு கேட்போம். "தொழிலாளி எப்போதும் உத்தமனா? திரையைப் பார்க்க வேண்டியவன் கைத்தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் சங்கம் வக்காலத்து வாங்குமா?" என்று கேட்பார்கள். வாங்காது, வாங்கவும் கூடாது. ஆனாலும் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 18-3-2018 அன்று நடந்ததைச் சொல்லுகிறேன். ஊபர் கம்பெனியின் தானே ஓடும் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. காரைக் கண்காணிக்க உட்கார வைத்திருந்த ஊழியர் கைத்தொலைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அது குற்றமே; 2023-ஆம் ஆண்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; மூன்றாண்டு நன்னடத்தைக் காவல் விதிக்கப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. கார் அந்தப் பெண்மணியை 5.6 விநாடிக்கு முன்பே கண்டுகொண்டும், அது என்ன பொருள் என்று தீர்மானிக்க முடியாமல் தடுமாறியது. அந்தக் காருக்குத் தொழிற்சாலையிலிருந்தே வந்த அவசரப் பிரேக், கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி வைக்கப்பட்டிருந்தது. முன்பு ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர் இருந்தார்கள். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் ஆளாகக் குறைத்துவிட்டார்கள். கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாதவை என்று அரசாங்க விசாரணைக் குழு 2019-ல் கண்டு சொல்லிற்று. ஆனால் கம்பெனி மீது குற்ற வழக்குப் போட ஆதாரமில்லை என்று அரசு வழக்கறிஞர் அதே ஆண்டில் கைகழுவினார். கோர்ட்டுக் கூண்டில் ஏறியது யார்? மணிக்கூலிக்கு உட்கார்ந்திருந்தவர் ஒருவரே. இரண்டு ஆளை ஒன்றாக்கியவர்கள் ஏறவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இப்படிச் சொல்வதால் நாம் யந்திரத்துக்கு விரோதிகள் என்று எவரும் எண்ண வேண்டாம். அடுப்பு வாயில் நின்று மண்வெட்டியால் தள்ளித் தள்ளி நெஞ்சு வெந்த காலம் திரும்ப வேண்டும் என்று நம்மில் ஒருவரும் விரும்பவில்லை. அன்றிரவு தோழரின் உயிரைக் காத்ததும் ஒரு யந்திரம்தான். மட்டம் இறங்கியதும் தீயை நிறுத்திய அந்தக் காப்புக் கருவி இல்லாவிட்டால் நான் வேறு செய்தியை எழுதிக்கொண்டிருப்பேன். யந்திரம் வரட்டும். யந்திரத்தால் வரும் லாபம் மேலே போவதும், யந்திரத்தால் வரும் பழி கீழே இறங்குவதும் என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம் என்கிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை யாவை?

முதலாவது, பொய் மணி. கெட்டுப்போன கருவி அடிக்கும் மணியைக் குறித்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். எந்த நாளில் புகார் சொன்னோம், எந்த நாளில் சரிசெய்தார்கள் என்று ஒரு புத்தகம் இருக்க வேண்டும். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். தேநீர் குடித்துக் கையெழுத்துப் போட்டு வருவதற்கா இருக்கிறார்கள்? மாதந்தோறும் அந்தப் புத்தகத்தை மேஜை மீது வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஓய்வு. ஆள் இருந்தே ஆக வேண்டிய வேலையில் 8 மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம். ஆனால் அதற்குள் மொத்தம் 45 நிமிஷத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்லுகிறது. மாற்று ஆள் இல்லாமல் கொடுக்கும் ஓய்வு ஓய்வாகாது. சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பது சாப்பாடும் ஆகாது, காவலும் ஆகாது. இரவு வேலைக்கு இரண்டாவது ஆள் திரும்ப வேண்டும். திரையையும் வெளிவேலையையும் இருவரும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கைப்பழக்கம். மாதத்துக்கு ஒரு தடவையாவது, மேற்பார்வையோடு, கணினியை ஒதுக்கிவிட்டுக் கையால் பாய்லரை நடத்திப் பழக வேண்டும். கண்ணாடிக் குழாயை நேரில் போய்ப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வேலை நேரத்திலும் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

நான்காவது, பாஷை. திரையில் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்தாக ஓடும் எச்சரிக்கையை மலாயிலும், அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த மற்ற பாஷைகளிலும் எழுதி ஒட்ட வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் உயிர் ஒன்றுதான்.

ஐந்தாவது, நிறுத்தும் உரிமை. திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 1-6-2024 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை அது கொடுக்கிறது. பழ லாரி காத்திருக்கிறதே என்று பயந்து பாய்லரை நிறுத்தாமல் இருப்பவரையும், நிறுத்தினால் நாளைக்குக் கடிதம் வருமே என்று நடுங்குபவரையும் நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்து நிறுத்தியவருக்குத் தண்டனை இல்லை என்று நிர்வாகம் எழுத்து மூலம் சொல்ல வேண்டும்.

ஆறாவது, விசாரணை. தண்டிப்பதற்கு முன் விசாரணை வேண்டும். விசாரணைக்காக வேலை நிறுத்தி வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேற்படக்கூடாது, அரைச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது. குற்றமில்லை என்றால் முழுச் சம்பளமும் திரும்ப வேண்டும். இது வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. வேலை போனால் 60 நாளைக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை மறந்து உரிமை இழந்தவர்கள் உண்டு. இவற்றோடு நாம் புதிதாகக் கேட்க வேண்டியது ஒன்று: விபத்து நடந்த மணி முதல் யந்திரத்தின் பதிவுகளை எவரும் தொடாமல் பூட்டி வைத்து, ஒரு பிரதியைத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். யந்திரம் சாட்சி சொல்லும்போது அதன் வாக்குமூலம் ஒரு கட்சியின் கையில் மட்டும் இருக்கலாகாது. நமக்கு அன்று பதினொரு தாள் கிடைத்தது, ஆபீசில் ஒருவன் இருந்ததால். எல்லா ஆலையிலும் அப்படி ஒருவன் இருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்க முடியுமா?

கடைசியாக, என்னைப் போல் ஆபீசில் இருக்கும் சிப்பந்திகளுக்கு ஒரு வார்த்தை. வேலைப் பட்டியல் நம் கை வழியாகத்தான் போகிறது. இரண்டு பேருடைய வேலை ஒரு பெயருக்கு எதிரே வரும்போது, அதை முதலில் காண்கிறவர்கள் நாம்தான். தட்டெழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், பிறகு விசாரணை அறையில் தாளை அடுக்கிக் கொடுத்து மட்டும் அந்தப் பாவத்தைக் கழுவ முடியாது. எழுதும்போதே கிளைக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தோழருடைய எச்சரிக்கைக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. அதை ரத்துச் செய்ய வேண்டும் என்று கிளை எழுதியிருக்கிறது, பதில் வரவில்லை. அவர் இன்றிரவும் வேலைக்குப் போகிறார். இன்றிரவும் ஓர் ஆள்தான். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சு தொடங்கும் முன்னர், ஒவ்வோர் ஆலைக் கிளையும் தன் பாய்லர் அறையில் இரவில் எத்தனை ஆள், ஒரு நாளைக்கு எத்தனை பொய் மணி என்று எண்ணித் தலைமையகத்துக்கு எழுதட்டும். கணக்கு நம் கையில் இருந்தால் நியாயமும் நம் பக்கம் பேசும்.